வாரத்தில் 156 மணி நேரம் யார் பொறுப்பு?

போடிநாயக்கனூரில் கருக்கலில் எழுந்து தெருவுக்கு வந்தால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஜீப்புகள் வரிசையாக நிற்கும். தலையில் துண்டும் கையில் தூக்குச்சட்டியுமாகப் பெண்கள் ஓடி வந்து ஏறுவார்கள். போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள் அவர்கள். ஒரு ஜீப்பில் இத்தனை பேரா என்று வெளியூர்க்காரர் வாயைப் பிளப்பார். உள்ளூர்க்காரருக்கு அது பழகிப்போன விஷயம்.

அதே நேரத்தில் அதே ஊரில் வேறு சிலரும் எழுந்து புறப்படுகிறார்கள். அவர்கள் கையிலும் தூக்குச்சட்டி இருக்கிறது. ஆனால் அவர்கள் போவது மலைக்கு அல்ல. தேனிக்கு, தேனியைத் தாண்டி க.விலக்கில் 2004-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு; சிலர் மதுரைக்கே போகிறார்கள். சிறுநீரகம் பழுதாகி, யந்திரத்தின் மூலம் ரத்தத்தைச் சுத்தம் செய்து கொள்கிற நோயாளிகள் அவர்கள். "டயாலிசிஸ்" என்ற சொல் இன்று பட்டிதொட்டியெல்லாம் தெரிந்த சொல்லாகிவிட்டது. அது பெருமைப்படத்தக்க செய்தி அல்ல.

காய் எடுக்கப் போகிறவளுக்கு மழைக்காலத்தில் அட்டைக்கடி, வெயில் காலத்தில் வேலைக் குறைவு என்று ஆயிரம் கஷ்டங்கள். ஆனால் "இன்று என்ன வேலை செய்தாய்?" என்று கேட்டால் அவளால் சொல்ல முடியும். எத்தனை கிலோ எடுத்தாள், எந்தச் செடி காய்ப்பு, அடுத்த சுற்று எப்போது வரும் என்று விரல் மடக்கிச் சொல்லுவாள். யந்திரத்துக்குப் போய்த் திரும்புகிறவரிடம் "இன்று உங்களுக்கு என்ன செய்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்:

"படுத்திருந்தேன்."

இந்தப் பதிலைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

டிரைவர் சொன்னது

அண்மையில் ஒரு சுத்திகரிப்புக் கூடத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். பார்த்த வரையில் எல்லாக் கூடங்களும் ஒரே மாதிரிதான். வரிசையாகக் கட்டில்கள், கட்டிலுக்கு ஒரு யந்திரம், யந்திரத்திலிருந்து கைக்கு இரண்டு சிவப்புக் குழாய்கள். மின்விசிறி ஓடும் சத்தம். இடையிடையே யந்திரம் 'கீச் கீச்' என்று கத்தும். ஒரு நர்சு ஓடி வந்து பொத்தானை அழுத்துவார். கத்தல் நிற்கும். ஏன் கத்தியது, எதனால் நின்றது? படுத்திருப்பவருக்குத் தெரியாது. அவர் கூரையைப் பார்த்துக் கொண்டிருப்பார்.

அங்கே ஒரு பெரியவர். முப்பது வருஷம் போடிமெட்டுப் பாதையில் ஜீப் ஓட்டியவராம். பேச்சுக் கொடுத்தேன்.

"ஐயா, இன்னைக்கு எவ்வளவு தண்ணி எடுக்கிறாங்க?"

"அது சிஸ்டருக்குத்தான் தம்பி தெரியும். நாம வந்து படுக்கிறது. அவுக மாட்டி விடுவாக. முடிஞ்சா கழட்டி விடுவாக. நமக்கென்ன தெரியும்?"

"யந்திரம் கத்துதே, பயமா இல்லையா?"

"பயந்து என்ன பண்ண? வண்டின்னா சத்தத்தை வச்சே சொல்லிப்புடுவேன், என்னா கோளாறுன்னு. இது நமக்குப் பிடிபடாது."

பிடிபடாதாம்! மேகம் இறங்கி எதிரே மாடு நிற்கிறதா லாரி வருகிறதா என்று தெரியாத மழைநாளில், பின்னால் பத்துப் பதினைந்து உயிர்களை வைத்துக்கொண்டு பதினேழு வளைவுகளையும் திருப்பியவர். இன்ஜின் முனகினால் என்ன, பிரேக் இழுத்தால் என்ன என்று காதாலேயே கண்டுபிடித்தவர். அவருக்குத் தம் ரத்தம் ஓடுகிற யந்திரம் பிடிபடாதா? பிடிபடாமல் இல்லை. யாரும் சொல்லித் தரவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அவர் மேல் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. நர்சுகள் மேலும் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு அந்தக் கூடத்தில் அந்தப் பெண்கள் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

சிறுநீரகம் — பழைய காலத்துப் பெரியவர்கள் குண்டிக்காய் என்பார்கள் — இரவு பகல் ஓயாமல் வேலை செய்கிற உறுப்பு. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. யந்திரமோ, ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம், வாரத்துக்கு மூன்று தடவை வேலை செய்கிறது. நம் நாட்டில் பணத்துக்கும் பிரயாணத்துக்கும் முடியாமல் இரண்டு தடவையோடு நிறுத்திக் கொள்கிறவர்களும் ஏராளம்.

சரி, மூன்று தடவை என்றே வைத்துக் கொள்வோம். 12 மணி நேரம். ஒரு வாரத்துக்கு 168 மணி. பாக்கி 156 மணி நேரம் அந்த நோயாளி எங்கே இருக்கிறார்? வீட்டில். டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை, யந்திரமும் இல்லை. குடிக்கிற தண்ணீர், தின்கிற உப்பு, பழம், மாத்திரை எல்லாமே அவர் கையிலும் அவர் வீட்டு அடுப்படியிலும்தான் இருக்கின்றன. 156 மணி நேரம் பொறுப்பேற்க வேண்டியவரை, அந்த 12 மணி நேரத்தில் ஒரு மூட்டையைப் போலக் கிடத்தி வைத்தால், அவர் எதைக் கற்றுக் கொண்டு வீட்டுக்குப் போவார்?

தண்ணீர்க் கணக்கையே எடுத்துக் கொள்ளுங்கள். மூத்திரம் நின்றுபோன உடம்பில் குடிக்கிற தண்ணீர் எல்லாம் தங்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. நேற்று 58 கிலோ இருந்தவர் இன்று 61 கிலோ என்றால் அந்த மூன்று கிலோவும் சதை அல்ல, தண்ணீர். அதை நான்கு மணி நேரத்தில் யந்திரம் உறிஞ்ச வேண்டும். அதிகமாகச் சேர்ந்திருந்தால் வேகமாக உறிஞ்ச வேண்டும். அப்போதுதான் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, ரத்த அழுத்தம் விழுகிறது, கண் இருட்டுகிறது. "டயாலிசிஸ் செய்தால் இப்படித்தான் ஆளைப் போட்டு வாட்டும்" என்று ஊரில் சொல்கிறார்களே, அந்த வாட்டத்தில் பெரும் பங்கு இந்தத் தண்ணீரால் வருவது. இதைத் தராசில் தாமே ஏறி நின்று, எண்ணைத் தாமே படித்து, தாமே கழித்துப் பார்க்கிறவர் ஒரு மாதத்தில் புரிந்து கொள்வார். "தண்ணி குறைச்சுக் குடிங்க" என்று நர்சு நூறு தடவை சொல்வதைக் காட்டிலும், அந்தக் கழித்தல் கணக்கு பலமான உபதேசம்.

மேல்நாட்டில் எப்படி வந்தது?

இது ஏதோ புதிய பித்து என்று எண்ண வேண்டாம். யந்திரம் பிறந்த கதையே விசித்திரமானது. இரண்டாவது உலக யுத்த காலத்தில், ஹாலந்து தேசம் ஜெர்மானியர் கையில் இருந்தபோது, 1943-ல் காம்பன் என்ற சிற்றூரில் டாக்டர் கோல்ஃப் என்பவர் இதைச் செய்தார். மரச்சட்டம் போட்ட ஒரு உருளை. அதைச் சுற்றி இறைச்சிக் கடையில் பயன்படுகிற செல்லோபேன் குழாய். அவ்வளவுதான் அன்றைய செயற்கைச் சிறுநீரகம். முதல் இரண்டு வருஷங்களில் அவர் சிகிச்சை செய்தவர்கள் அநேகமாக எல்லோரும் இறந்தார்கள். 1945-ல் 67 வயது மூதாட்டி ஒருத்தி கண் விழித்தாள். அங்கிருந்து தொடங்கியதுதான் இன்று க.விலக்கு வரை வந்திருக்கிறது.

1960-ல் அமெரிக்காவில் சியாட்டில் நகரில் டாக்டர் ஸ்கிரிப்னர் என்பவர், கையிலேயே நிரந்தரமாக ஒரு குழாயைப் பொருத்தி, திரும்பத் திரும்பச் சுத்திகரிப்பு செய்யலாம் என்று காட்டினார். அதன் பிறகுதான் தீராத சிறுநீரக நோயாளியும் வருஷக்கணக்கில் வாழலாம் என்றாயிற்று. ஆனால் யந்திரங்கள் குறைவு, நோயாளிகள் அதிகம். யாருக்குக் கொடுப்பது? வக்கீல், பாதிரியார், குடும்பத் தலைவி, தொழிலாளர் தலைவர் என்று ஏழு பேர் கொண்ட ஒரு கமிட்டி உட்கார்ந்து, இவருக்கு உண்டு, அவருக்கு இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. 1962-ல் இந்தச் செய்தி பத்திரிகையில் வந்தபோது அமெரிக்காவே அதிர்ந்தது.

அந்தக் கமிட்டி நிராகரித்தவர்களில் பள்ளிக்கூடம் படிக்கும் ஒரு பெண்ணும் இருந்தாள். ஸ்கிரிப்னருக்கு மனம் பொறுக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் இருந்த பாப் என்ற பொறியியல் பேராசிரியரிடம் ஓடினார். இரவு பகலாக உழைத்து, 1964-ல் வீட்டிலேயே வைத்துக் கொள்ளக்கூடிய ஒரு யந்திரத்தைச் செய்தார்கள். யார் அதை இயக்குவது? அந்தப் பெண்ணின் தாய்! டாக்டருக்குப் படித்தவள் அல்ல, நர்சு அல்ல. கற்றுக் கொடுத்தார்கள், கற்றுக் கொண்டாள். கமிட்டி கொடுக்க மறுத்த ஆயுளில் சில ஆண்டுகளை அந்த அம்மாள் தன் கையாலேயே மகளுக்குக் கொடுத்தாள்.

அதே காலத்தில் லண்டனில் டாக்டர் ஷால்டன் என்பவர் தம் நோயாளிகளைத் தாங்களே யந்திரத்தில் மாட்டிக் கொள்ளப் பழக்கினார். இப்போது ஐம்பது, அறுபது வருஷம் கழித்து, இந்தப் பழைய வித்தையை உலகம் மறுபடியும் தூசு தட்டி எடுத்திருக்கிறது. ஸ்வீடன் தேசத்தில் யோன்ஷோப்பிங் என்ற ஊரிலுள்ள ரீஹோவ் ஆஸ்பத்திரியில் 2005-ல் ஒரு இளைஞர் "எனக்குச் சொல்லிக் கொடுங்கள், நானே செய்து கொள்கிறேன்" என்று நர்சிடம் கேட்டார். கூடவே நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார் அந்த நர்சு. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்று, பின்னால் அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகள் தாங்களே வந்து, தாங்களே செய்து கொள்வதற்கென்று ஒரு பகுதியே ஏற்பட்டது. இங்கிலாந்திலோ சுத்திகரிப்பு வேலையை 14 சிறு வேலைகளாகப் பிரித்து, அதில் எத்தனை முடியுமோ அத்தனையை நோயாளி எடுத்துக் கொள்ளட்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கை கழுவுவது, எடை பார்ப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது, தட்டில் சாமான்களை எடுத்து வைப்பது, யந்திரத்தில் குழாய் மாட்டுவது, ஊசி எடுத்த பிறகு அந்த இடத்தை அழுத்திப் பிடிப்பது, கடைசியாகத் தானே ஊசி குத்திக் கொள்வது. ஒருவர் இரண்டோடு நிற்கலாம். இன்னொருவர் பதினாலையும் முடிக்கலாம். அது அவரவர் இஷ்டம்.

இந்த "அவரவர் இஷ்டம்" என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

வயிற்றில் நடக்கும் சுத்திகரிப்பு

நம் தமிழ்நாடு இந்த விஷயத்தில் பின்தங்கிக் கிடந்தது என்று சொல்ல மாட்டேன். இந்தியாவிலேயே முதன்முதலாக வெற்றிகரமாகச் சிறுநீரகம் மாற்றிப் பொருத்தியது 1971-ல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான். சென்னையில் 1993-ல் தொடங்கிய 'டாங்கர்' அறக்கட்டளை ஏழைகளுக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் சுத்திகரிப்பு செய்து வந்திருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ் சேர்ந்தது. சொத்தை விற்றுத்தான் உயிர் வாழ வேண்டும் என்ற நிலை பலருக்கு மாறியிருக்கிறது.

2021 ஆகஸ்டு 5-ந்தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, சர்க்கரை மாத்திரையையும் அழுத்த மாத்திரையையும் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அதே திட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. வயிற்றுவழிச் சுத்திகரிப்பு செய்து கொள்கிறவர்களுக்கு அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுப்பது. இது அதிகம் பேசப்படாத செய்தி. ஆனால் மலையடிவாரத்து ஜனங்களுக்கு இதைவிட முக்கியமான செய்தி இல்லை.

அது என்ன வயிற்றுவழிச் சுத்திகரிப்பு? நம் வயிற்றுக்குள்ளே குடலைப் போர்த்தியிருக்கிற ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதுவே நல்ல வடிகட்டி. வயிற்றில் ஒரு சிறு குழாயை டாக்டர் பொருத்தி விடுகிறார். அதன் வழியாக இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே இறக்கி, சில மணி நேரம் வைத்திருந்து, அழுக்கோடு வெளியே வடித்து விட்டு, புதுத் திரவத்தை இறக்க வேண்டும். சாதாரணமாக நாளைக்கு நான்கு தடவை. ஒரு தடவைக்கு அரை மணி நேரம். ஊசி கிடையாது. கரண்ட் வேண்டாம். பஸ் பிரயாணம் வேண்டாம். எல்லாவற்றையும் செய்கிறவர் நோயாளியேதான். ஹாங்காங்கில் 1985 முதல், நோயாளிக்கு முதலில் இந்த முறையைத்தான் கொடுப்பது என்று சர்க்காரே கொள்கை வகுத்துக் கொண்டது. தாய்லாந்து 2008-ல் அப்படிச் செய்தது.

கொட்டகுடியிலோ குரங்கணியிலோ இருக்கிற ஒருவர், வாரத்துக்கு மூன்று நாள் போடிக்கு இறங்கி, தேனிக்குப் போய், ஊசி போட்டுக் கொண்டு, தள்ளாடித் திரும்பி மலையேறுவதை எண்ணிப் பாருங்கள். நாலு மணி நேரச் சிகிச்சைக்கு முழு நாள் போய்விடும். துணைக்கு வருகிறவர் கூலியும் போகும். வாரத்துக்கு இரண்டு பேருடைய மூன்று நாள்! அவருக்கு வயிற்றுவழி முறை எவ்வளவு பெரிய விடுதலை!

சங்கடமும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு லிட்டர் என்றால் மாதத்துக்கு 240 லிட்டர். கால் டன் பாரம்! ஜீப் போகிற வரைக்கும் சரி. அதற்கு மேலே தலைச்சுமைதான். முன்னொரு காலத்தில் மூணாற்றுத் தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கயிற்று வழியாக வெள்ளைக்காரன் இறக்கினான். தேயிலைக்கு வழி கண்டவர்கள் நாம். மருந்துப் பைக்கு வழி காண முடியாதா? அப்புறம் சுத்தம். கையைச் சரியாகக் கழுவாமல் குழாயைத் தொட்டால் வயிற்றுக்குள் கிருமி போய்விடும். வடிக்கிற திரவம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும். அரிசி களைந்த தண்ணீரைப் போலக் கலங்கி வந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அந்தப் பையையும் எடுத்துக் கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஒற்றை அறை வீட்டில், அடுப்புப் புகைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் நடுவே சுத்தமான ஒரு மூலையை உண்டாக்குவது லேசான காரியம் அல்ல. ஆனால் அது செய்யக்கூடிய காரியம்.

"படிக்காதவர்களுக்கு எப்படி?"

இதைப் பற்றிப் பேசினால் உடனே வருகிற ஆட்சேபம் இதுதான். "நம்ம ஜனங்கள் படிக்காதவர்கள். ஸ்வீடனில் நடப்பது சீலையம்பட்டியில் நடக்குமா?"

இப்படிக் கேட்கிறவர்களை ஒரு நாள் போடியில் ஏலக்காய் பிரிக்கிற இடத்துக்கு வரச் சொல்ல வேண்டும். காய்க் குவியலுக்கு முன்னால் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு ஒரு பக்கம் நடக்கும். கை ஒரு பக்கம் நடக்கும். நிறம் மாறிய காய், வெடித்த காய், பூச்சி அரித்த காய் எல்லாம் தனித்தனியாக விழும். அரை நொடிகூட யோசிக்க மாட்டார்கள். ஏலத்துக்கு வருகிற பெரிய வியாபாரியும் அந்தக் கண்ணை நம்பித்தான் விலை கேட்கிறான். அந்தக் கண்ணுக்குக் கலங்கிய பையும் தெளிந்த பையும் வித்தியாசம் தெரியாதா? தராசில் எழுகிற மூன்று எண்களைப் படிக்கத் தெரியாதா? எழுத்து வேறு, அறிவு வேறு. நம் படித்தவர்களுக்கு இது சுலபத்தில் ஏறுவதில்லை. நானும் பட்டம் வாங்கியவன்தான். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் பலமானது. "ஆள் பற்றாக்குறையை மறைக்க நர்சு வேலையை நோயாளி தலையில் கட்டுகிறீர்களா?" நியாயமான சந்தேகம். இந்த ஏற்பாட்டைச் சாக்காக வைத்து ஒரு நர்சைக் குறைத்தாலும் அது அக்கிரமம். உண்மையில் சொல்லிக் கொடுப்பதற்கு ஆரம்பத்தில் ஆள் அதிகம் வேண்டும். யந்திரத்தை மாட்டி விட ஒருவர் போதும். மாட்டக் கற்றுக் கொடுக்க அவருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் "நோயாளிகளைப் பங்கெடுக்கச் செய்யுங்கள்" என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை மட்டும் அனுப்பினால், அது ஆணியில் தொங்கும்.

மூன்றாவது ஆட்சேபத்தை யாரும் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன். பொறுப்பைக் கொடுத்தால் பழியும் கூடவே வரும். "உங்களிடம்தானே சொன்னோம்? நீங்கள்தான் தண்ணீர் குடித்தீர்கள்!" என்று நோயாளியைக் கூண்டில் ஏற்றுவது எளிது. வெயிலில் வெந்து வந்தவனுக்குத் தாகம் எடுப்பது குற்றம் அல்ல. வீட்டில் செய்கிறபோது அந்த வேலை பெரும்பாலும் மனைவி தலையிலோ மருமகள் தலையிலோ விழும். அவளுக்கு ஏற்கனவே தோட்ட வேலை, அடுப்பு வேலை, பிள்ளைகள். அவள் சம்மதத்தை யாராவது கேட்கிறார்களா? கேட்க வேண்டும். முடியாது என்று அவள் சொன்னால் முகம் சுளிக்காமல் ஏற்க வேண்டும். பயப்படுகிற நோயாளி, சோர்ந்து போன நோயாளி, "எனக்கு ஒன்றும் வேண்டாம், நீங்களே பாருங்கள்" என்றால் அவருக்கும் அந்த உரிமை உண்டு. எடுத்த எடுப்பில் ஊசியைக் கையில் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை.

எதிலிருந்து தொடங்குவது?

ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம். ஆஸ்பத்திரிச் சீட்டு முழுவதும் இங்கிலீஷ். கட்டிலில் கிடக்கிறவருக்கோ தமிழ். அவருடைய உடம்பைப் பற்றி அவர் தலைமாட்டிலேயே எழுதித் தொங்குகிற செய்தியை அவரால் படிக்க முடியாது. இது என்ன நியாயம்? தமிழில், பெரிய எழுத்தில், படம் போட்டு ஒரு நோட்டு. வந்தபோது எடை, போகும்போது எடை, ரத்த அழுத்தம், எடுத்த தண்ணீர். நான்கே கட்டங்கள். அதை நோயாளியே நிரப்பட்டும். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடம் போகிற பேரனோ பேத்தியோ எழுதட்டும்.

அடுத்து, கை. சுத்திகரிப்புக்காகக் கையில் ஆபரேஷன் செய்து, ரத்தக் குழாய் இரண்டை இணைத்திருப்பார்கள். பிஸ்டுலா என்பது அதற்குப் பெயர். அதுதான் அவர் உயிர்க் கயிறு. அந்த இடத்தில் விரலை வைத்தால் பூனை உறுமுவதுபோலக் 'கிர்'ரென்று ஓர் அதிர்வு தெரியும். காலையில் பல் துலக்கியதும் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அதிர்வு நின்று போயிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சீக்கிரம் போனால் சில சமயம் காப்பாற்றலாம். இரண்டு நாள் கழித்துப் போனால் பெரும்பாலும் போனதுதான். அந்தக் கையில் மூட்டை தூக்கக் கூடாது. இறுக்கமான வளையல் கூடாது. அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யார் வந்தாலும், "இந்தக் கை வேண்டாம், அந்தக் கை" என்று சொல்ல வேண்டும். டாக்டரே வந்தாலும் சொல்ல வேண்டும். இதைச் சொல்கிற தைரியம்தான் முதல் பாடம்.

அப்புறம் அடுப்படி. சீக்காளியைப் பார்க்கப் போனால் இளநீரும் ஆரஞ்சும் வாங்கிப் போவது நம் பண்பாடு. உடம்புக்குக் குளிர்ச்சி என்று வாங்குகிறோம். சிறுநீரகம் போனவருக்கு அதுவே எமன். இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு, பழச்சாறு எல்லாவற்றிலும் பொட்டாசியம் என்ற உப்பு இருக்கிறது. அது ரத்தத்தில் ஏறினால் இருதயம் திடீரென்று நின்றுவிடும். மலைப்பக்கம் சில வீட்டுத் தோட்டங்களில் ஐந்து மூலை நட்சத்திரப் பழம் காய்க்கிறது. அதைச் சிறுநீரக நோயாளி தொடவே கூடாது; மூளையைத் தாக்கும் நஞ்சு அதில் உண்டு. காய்கறியைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி விட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் தாகத்தைக் கிளப்பி விடுகிறவை. தண்ணீரைக் குறை என்று சொல்லிவிட்டு உப்பைக் குறைக்காமல் விட்டால் அது நடக்கிற காரியமா? இதையெல்லாம் நோயாளியிடம் மட்டும் சொன்னால் போதாது. சமைக்கிறவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் துணைக்கு வந்து நாலு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களுக்கு அங்கேயே வகுப்பு நடத்தினால் என்ன?

உடம்பு வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிற மாத்திரையைப் பற்றியும் அந்த வகுப்பில் சொல்லலாம். நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்தவருக்கு இடுப்பு வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வலி மாத்திரைகளில் பல, நல்ல சிறுநீரகத்தையே கெடுக்கக் கூடியவை. நோயாளியோடு துணைக்கு வந்திருப்பவரே நாளைய நோயாளி ஆகாமல் தடுக்க அது உதவும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கிறதா என்று அவருக்கும் அங்கேயே பார்த்து விடலாம்.

அந்த ஜீப் டிரைவரை மூன்று வாரம் கழித்து மறுபடியும் பார்த்தேன். நான் போனபோது அவர் தராசுக்கு முன்னால் நின்று கொண்டிருந்தார். முதல் தடவை நாங்கள் பேசியதை அந்த நர்சுப் பெண் கேட்டுக் கொண்டிருந்திருக்கிறாள். அன்றிலிருந்து எடையைச் சொல்லாமல், "தாத்தா, நீங்களே படிங்க" என்று விட்டு விட்டாளாம்.

"அறுபது புள்ளி நாலு" என்று சத்தமாகப் படித்தார் பெரியவர். பிறகு விரலை மடக்கினார். "போன தடவை போகையில அம்பத்தெட்டு. அப்ப ரெண்டு நானூறு. ஏம்மா, ரெண்டு நானூறுதான எடுக்கணும்?"

"ஆமா தாத்தா."

"போன வாரம் மூணு எடுத்தீகளே, அன்னைக்குத்தானே எனக்குக் கால் இழுத்துச்சு?"

நர்சு சிரித்தாள். "அன்னைக்கு நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

பெரியவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கொண்டார்.

"மக வீட்டுல கருவாட்டுக் குழம்பு, தாயி."